ஆதியாகமம் 26: எங்கள் கிணறும் ஈசாக்கின் துரவுகளும்

கொறங்காடு (காங்கேயம்)
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை வாசித்து முடித்தவன் நான். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று சபையில் தரும் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு போனால் 1,189 அதிகாரங்களும் டிசம்பர் கடைசியில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் ஆதியாகமம் 26 ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே கடந்து போய்விடும். மூன்று முறையும் கடந்துதான் போனேன். முந்தின அதிகாரத்தில் ஏசா கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்கிறான், அடுத்ததில் யாக்கோபு தகப்பனை ஏமாற்றுகிறான். நடுவில் ஆபிரகாமின் மகன் ஈசாக்கு கிணறு வெட்டிக்கொண்டிருந்தது என் கண்ணில் தங்கவே இல்லை.

இந்த வருடம் அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்று ஆரம்பித்தேன். 26-ஆம் அதிகாரத்தில் ஐந்து வாரமாக நிற்கிறேன். தாண்ட முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஐந்து ஏக்கர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. பாறையில் வெட்டிய கிணறு, எழுபது அடி ஆழம், ஒரு பக்கம் படி. நிலம் அண்ணனுக்கும் எனக்கும் பாகமானபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. திங்கள், செவ்வாய், புதன் அண்ணன் முறை. வியாழன், வெள்ளி, சனி என் முறை. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடக்கூடாது என்பது அப்பாரு வைத்த சட்டம். அதை மட்டும் இருவரும் இன்றுவரை மீறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் கிணற்றிலிருந்து நாற்பது அடி தள்ளித் தன் எல்லைக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டார். 900 அடியில் தண்ணீர் கிடைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துளையிடும் லாரி வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். அதிலிருந்து என் முறை நாளில் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு வெளியே தெரிந்துவிடுகிறது. வடபுறத் தென்னை அறுபது மரமும் மட்டை தொங்கி நிற்கின்றன. பதினான்கு மாதமாக அண்ணனிடம் பேசவில்லை. இருவரும் ஒரே சபை. திருவிருந்துக்கு அவர் எழுந்து போய் வந்து உட்கார்ந்த பிறகே நான் எழுந்திருக்கிறேன்.

ஈசாக்கின் வேலைக்காரர் ஊற்றுக் கண்டார்கள். கேராரின் மேய்ப்பர்கள் வந்து இந்தத் தண்ணீர் எங்களுடையது என்றார்கள். அவன் அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தான். அடுத்ததற்கும் சண்டை. அதற்குச் சித்னா என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தான். மூன்றாவதைக் குறித்து யாரும் சண்டைக்கு வரவில்லை. அது ரெகொபோத், விசாலமான இடம்.

நானும் நகர வேண்டுமா? அப்படி நகர்வது விசுவாசமா, பயமா? வக்கீல் எழுதித் தந்த நோட்டீஸ் கையெழுத்துப் போடாமல் என் வேதாகமத்துக்குள்ளேயே, இதே அதிகாரத்தில் இருக்கிறது. வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள் மண்டி (ஈரோடு)
திங்கள், காலை 6.20

தம்பி, முப்பத்தோரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். அதனால் ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஈசாக்கின் ஆட்கள் வெட்டியதற்குத் "துரவு" என்ற சொல் வருகிறது. ஹென்றி பவர் ஐயரும் அவரோடு இருந்தவர்களும் திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. தோட்டம் துரவு என்று வாய்நிறையச் சொல்கிறோமே, அதே துரவு. குடிக்கச் சேந்துகிற கிணறு வேறு, பாசனத்துக்கு இறைக்கிற துரவு வேறு. நம் பக்கத்தில் மானாவாரி என்றால் காடு, வாய்க்கால் பாய்ந்தால் வயல், கிணறு இருந்தால்தான் தோட்டம். துரவு கைவிட்டுப் போனால் தோட்டம் காடாகிவிடும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, ஈசாக்கு ஒவ்வொரு முறையும் எதை விட்டுவிட்டு நகர்ந்தான் என்பது தெரிந்திருக்கிறது.

ஆகவே "நகர்ந்தான்" என்பதை லேசாக வாசிக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்த நோட்டீஸை வேதாகமத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள். என் கணவர் இறந்த வருடம் குடும்ப ஓய்வூதியக் கடிதங்களை எல்லாம் யோபு புத்தகத்தில் செருகி வைத்திருந்தேன். திறக்கும்போதெல்லாம் கடிதம்தான் முதலில் கையில் வரும். யோபு பேசிய ஒரு வரியும் அந்த வருடம் என் காதில் ஏறவில்லை.

அவிநாசிச் சாலை (கோவை)
திங்கள், காலை 10.45

நில அளவை, பத்திர வேலைகளில் இருபது வருடமாக இருக்கிறேன். நான் வேறு விதமாக வாசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈசாக்குக்கு ஒரு பள்ளத்தாக்கை விட்டால் இன்னொரு பள்ளத்தாக்கு இருந்தது. உங்களுக்கு ஐந்து ஏக்கரில் பாதி. இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. பல்லடம் பக்கம் 1,000 அடிக்கு மேல் போட்டும் வெறும் புகை வந்த துளைகளை நானே எல்லை அளந்து குறித்திருக்கிறேன். ரெகொபோத்துக்கு எங்கே போவீர்கள்?

மகன் நகர்ந்தான் என்று சொல்கிறவர்கள் தகப்பனைப் பார்ப்பதில்லை. 21-ஆம் அதிகாரத்தில் கேரார் ராஜா அபிமெலேக்கின் ஆட்கள் ஆபிரகாமின் துரவைப் பறித்துக்கொண்டபோது அவர் நேரில் போய்க் கடிந்துகொண்டார். ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி, இந்தத் துரவை நான் வெட்டினேன் என்பதற்கு இவை சாட்சி என்றார். சாட்சி வைத்து, ஆணையிட்டு, உடன்படிக்கை செய்தார். இன்றைய பேச்சில் அது பத்திரம். 26-ஆம் அதிகாரமும் கடைசியில் ஆணையில்தான் போய் முடிகிறது.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்ற இடத்தில் காகிதம்தான் பேசும். கையெழுத்துப் போடுங்கள். கோபத்தோடு போடாதீர்கள், அவ்வளவுதான்.

கொறங்காடு (காங்கேயம்)
திங்கள், இரவு 8.30

அம்மா, நோட்டீஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

சகோதரரே, ஆபிரகாமை நான் மறந்துதான் போயிருந்தேன். ஆனால் என் கையைப் பிடித்து நிறுத்துவது 1 கொரிந்தியர் 6. சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைச் சொல்லிவிட்டு, "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை" என்று பவுல் கேட்கிறார். நேற்று இதை வாய்விட்டு வாசித்தேன். "நஷ்டம் தென்னைக்கா, உங்களுக்கா?" என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் சொல்லாமல் போட்டதுதான் எனக்கு உறைக்கிறது. சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் இதே தண்ணீர்க் குறைவை நான் தாங்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

கருமத்தம்பட்டி
செவ்வாய், மாலை 7.15

நான் கத்தோலிக்கன். எங்களிடம் இது தொடக்க நூல். 1995-இல் இரு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். இந்த வாரம் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் உங்கள் கேள்வியைச் சொல்லி இந்தப் பகுதியை வாசித்தோம். ஊர் பெயர் சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஒரு பெரியவர் லூக்கா 12-ஐ நினைவுபடுத்தினார். கூட்டத்தில் ஒருவன் வந்து, என் சகோதரன் சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி சொல்லும் என்று இயேசுவைக் கேட்கிறான். அவர் மறுத்துவிடுகிறார், என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்கிறார். அந்த மறுப்பு எனக்கு வெகுநாள் புரியவில்லை. சோமனூரில் எங்கள் அப்பா விட்டுப்போன எட்டுத் தறிகளை மூன்று பேர் பிரித்தபோது, மிஞ்சிய இரண்டு தறிக்காக ஆறு மாதம் சண்டை போட்டோம். ஜெபத்தில்கூட அந்த இரண்டு தறியைத்தான் கேட்டேன். அவர் பங்குபோட வரவில்லை. அவர் வராததால்தான் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டி வந்தது.

ஓய்வுபெற்ற ஆயர் (கோபி)
புதன், காலை 5.50

வாசித்துக்கொண்டே வந்தேன். சில குறிப்புகள் மட்டும்.

முதலாவது, ஈசாக்கு பலவீனன் அல்ல. பஞ்ச காலத்தில் விதைத்து நூறுமடங்கு அறுத்தவன். "நீ எங்களைவிட மிகவும் பலத்தவனானாய், எங்களை விட்டுப் போய்விடு" என்று ராஜாவே சொல்கிறான். அடிக்க முடிந்தவன் அடிக்காமல் நகர்கிறான் என்பதை வைத்துத்தான் தம்பி கேட்ட கேள்வியை எடைபோட வேண்டும்.

இரண்டாவது, சித்னா என்ற எபிரெயப் பெயரும் சாத்தான் என்ற பெயரும் ஒரே வேரிலிருந்து வருபவை. எதிர்த்து நிற்பது, குற்றஞ்சாட்டுவது என்று பொருள். ஈசாக்கு மேய்ப்பர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டவில்லை. கிணற்றுக்குச் சூட்டினான். எதிராளிக்குச் சூட்டியிருந்தால், பின்னால் அதே அபிமெலேக்கு தேடி வந்தபோது விருந்து வைத்திருக்க முடியாது.

மூன்றாவது, நாம் ரெகொபோத்தில் கதையை முடித்துவிடுகிறோம். சுவரில் மாட்டும் வசனமும் அதுதான். ஆனால் கர்த்தர் தரிசனமானது ரெகொபோத்தில் இல்லை. அங்கிருந்து பெயெர்செபாவுக்குப் போன இரவில். அதன் பிறகுதான் பலிபீடம், விருந்து, ஆணை. ஆணையிட்ட அன்றே வேலைக்காரர் வந்து "தண்ணீர் கண்டோம்" என்கிறார்கள். இடம் கிடைத்ததோடு சமாதானம் வந்துவிடவில்லை. அபிமெலேக்கு எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

இன்னும் ஒன்று: 19-ஆம் வசனத்தில் சுரக்கும் நீரூற்று என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது "உயிருள்ள தண்ணீர்". யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொல்லும் ஜீவத்தண்ணீர் அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சிதான். யாரும் அடைத்து வைக்காத, தானாகச் சுரக்கிற தண்ணீர். எங்கள் பகுதியில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பதினைந்தாம் நாள் கிணற்றின் பாறை இடுக்கில் கசிவு தெரியும். அந்த முதல் கசிவைப் பார்த்திருக்கிற விவசாயிக்கு அந்த வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்)
வியாழன், இரவு 10.40

அண்ணா, நான்கு நாளாக வாசிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வேதாகமம் என் செல்போனில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிவிட்டு ஒரு பத்தி வாசிப்பேன். மணி அடித்தால் நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதனால் எனக்கு எப்போதும் துண்டு துண்டாகத்தான் வேதம் தெரியும். ஒரு வசனத்தை அடுத்த நாள் மதியம்வரை வாயில் வைத்துக்கொண்டிருப்பேன்.

இங்கே எல்லோரும் கிணறு யாருடையது என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்த அதிகாரத்தில் கண்ணில் படுவது "வேலைக்காரர்" என்ற சொல். துரவை ஈசாக்கு வெட்டவில்லை. 19, 25, 32 மூன்று வசனத்திலும் வெட்டினவர்கள் வேலைக்காரர். ஒவ்வொரு கிணற்றுக்கும் பெயர் இருக்கிறது, வெட்டினவர் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஈசாக்கு சமாதானமாக நகர்ந்தான் என்றால், கடப்பாரை பிடித்தவர்கள் மறுபடியும் முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள் என்று அர்த்தம்.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே. காடு தோட்டம் என்று அடுத்தவர் நிலத்தில் களையெடுத்து வாழ்ந்தவர். அவர்கள் எந்தத் தோட்டத்துக் கிணற்றிலும் இறங்கக் கூடாது. தாகம் எடுத்தால் கிணற்றடிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். யாராவது வந்து மேலேயிருந்து ஊற்றினால் கை குவித்துக் குடிக்க வேண்டும். "முழங்கை வழியாக ஓடி இடுப்புச் சேலை நனையும், வயிற்றுக்குப் போவது பாதிதான்" என்பார். யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாமல் நிற்பது தாகத்தைவிடக் கொடுமை என்பார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஊருக்கு வந்த ஊழியக்கார அம்மா ஒருவர் யோவான் 4 வாசித்திருக்கிறார். "தாகத்துக்குத் தா" என்று இயேசு கேட்கிற இடம் வந்ததும் அம்மிச்சி நிறுத்தச் சொன்னாராம். "யார் யாரிடம் கேட்டது?" என்று கேட்டாராம். மறுபடி வாசித்தார்கள். "அவரா கேட்டார்? அவளிடமா?" என்று மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அன்று அந்த அதிகாரம் அதற்கு மேல் போகவில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நிற்பவளிடம் வந்து தண்ணீர் கேட்கிற கடவுளை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே" என்று அந்தப் பெண் சொல்கிறாள். அவரிடம் பாத்திரம் இல்லை. அப்படியானால் குடிப்பது அவள் குடத்திலிருந்துதான். அவள் தொட்ட குடத்தில் வாய் வைக்க அவர் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார். அம்மிச்சி ஞானஸ்நானம் எடுத்தது அந்தக் குடத்துக்காகத்தான். நரகத்துக்குப் பயந்து இல்லை.

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் கிணற்றடி மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊற்றினவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

அண்ணா, உங்கள் கிணற்றுக்கு ஒரு பக்கம் படி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படியில் யார் யார் இறங்கினார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் ஐந்து வாரமாக அந்த அதிகாரத்தில் நிற்பதாக எழுதினீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

ஓய்வுபெற்ற ஆயர் (கோபி)
வெள்ளி, காலை 6.05

மகளே, யோவான் 4-ஐ என் ஊழியக் காலத்தில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எல்லாப் பிரசங்கத்திலும் அந்தப் பெண்ணின் ஐந்து புருஷர்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். குடத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. யூதரும் சமாரியரும் "சம்பந்தங்கலவாதவர்கள்" என்று நாம் வாசிக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் "சேர்ந்து புழங்குவதில்லை" என்று பொருள் உண்டு. பாத்திரத்தைச் சேர்ந்து புழங்குவதைத்தான் அது குறிக்கிறது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அதைப் படித்திருக்கிறேன். உங்கள் அம்மிச்சி அதைப் படிக்காமலே கண்டுகொண்டார்.

நம் ஆட்களும் ஊற்றினார்கள் என்று எழுதினீர்களே, அது சபையின் பழைய காயம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு விலக வேண்டும், திருவிருந்தில் எல்லோரும் ஒன்றாக வர வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். லண்டன் மிஷனின் ஆடிஸ் கோயம்புத்தூரில் வேலை ஆரம்பித்தது 1830. அதாவது நம் கொங்குச் சபைகள் பிறந்த நாளிலேயே இந்தக் கேள்வி வாசலில் நின்றுகொண்டிருந்தது. நாம் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வேறு பாத்திரம் வைத்தோம்.

அவிநாசிச் சாலை (கோவை)
வெள்ளி, மதியம் 1.20

நோட்டீஸைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. பொதுக் கிணற்றுக்கு எழுத்து வேண்டும். ஆனால் நேற்று அந்தச் சகோதரி எழுதியதை வாசித்துவிட்டு அலுவலகத்தில் பழைய பத்திர நகல்களைப் புரட்டினேன். கிணற்றுக்கு நாங்கள் வழக்கமாக எழுதுவது: தண்ணீர் பாத்தியம், மோட்டார் வைக்கும் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், நடைபாதைப் பாத்தியம். அங்குலக் கணக்காக எழுதுவோம். அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் குடிக்கும் பாத்தியம் என்று ஒன்றை இருபது வருடத்தில் நான் எழுதியதில்லை, பார்த்ததும் இல்லை. உபாகமம் 24 கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்" என்று காரணமும் சொல்கிறது. கூலிக்கு அப்படி என்றால் தண்ணீருக்கு எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் மண்டி (ஈரோடு)
வெள்ளி, இரவு 7.50

அந்த அம்மிச்சி மூன்று முறை வாசிக்கச் சொன்ன ஒரு வசனம், என் இத்தனை வருட வாசிப்பைவிடப் பெரியது. நாளைக் காலை எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யோவான் 4 வாசிக்கப் போகிறோம். ஏழாம் வசனத்தோடு நிறுத்தச் சொல்லப் போகிறேன்.

கொறங்காடு (காங்கேயம்)
திங்கள், இரவு 9.30

தங்கச்சி, அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா சந்தகை பிழிய மாவு அவித்துக்கொண்டிருந்தார். வயது எண்பத்தொன்று. கிணற்றுப் படியில் அந்தக் காலத்தில் யார் யார் இறங்குவார்கள் என்று கேட்டேன். இதை எதற்கு இப்போது கேட்கிறாய் என்றார். வேதாகமத்தில் ஒரு கிணறு வந்தது, அதற்காக என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் அப்பாரு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பலகையில் உட்கார வைத்தவர். அதற்காகப் பேச்சும் வாங்கியிருக்கிறார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். அவர் அடக்க ஆராதனையில் இதைத்தான் சொன்னார்கள். தெரியாதது ஒன்றை அம்மா சொன்னார். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களை அப்பாருவும் படியில் இறங்க விடவில்லை. பக்கத்துத் தோட்டத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதற்குப் பதிலாக, அவர்கள் நின்று காத்திருக்க வேண்டாம் என்று கிணற்றுக்கு வெளியே கல்தொட்டி ஒன்று வைத்து, காலையிலேயே தண்ணீர் நிரப்பச் சொன்னார். அதை நல்ல காரியம் என்று அவர் நம்பினார் என்று அம்மா சொன்னார். "நானும்தான் நம்பினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான்" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சந்தகை அன்று பிழியவில்லை.

அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது. மோட்டார் அறைக்குப் பின்னால், காய்ந்த மட்டைகளை அடுக்கி வைக்கும் இடத்தில். சாயங்காலம் போய் மட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தேன். கருங்கல். இரண்டரை முழம் நீளம். கிணற்றைப் பார்த்த பக்கத்து விளிம்பு உளி விழுந்தபடியே சொரசொரப்பாக இருக்கிறது. மறுபக்க விளிம்பு மட்டும் கை ஊன்றி ஊன்றி வழவழப்பாக, கொஞ்சம் உள்வாங்கிப் போயிருக்கிறது. என் கையை அதில் வைத்துப் பார்த்தேன், தங்கச்சி. கை அப்படியே உட்கார்ந்தது.

பிறந்த நாள் முதல் அதைப் பார்க்கிறேன். மாட்டுத் தொட்டி என்றே நினைத்திருந்தேன். இந்தக் கிணற்றில் எனக்கு மூன்று நாள், அண்ணனுக்கு மூன்று நாள் என்று பதினான்கு மாதமாகக் கணக்குப் பார்த்தவனுக்கு அது கண்ணில் படவில்லை.

அதை உடைத்துப் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்)
திங்கள், இரவு 11.15

உடைக்காதீர்கள் அண்ணா. உடைத்தால் அங்கே கை வைத்தவர்கள் நின்ற இடமும் தெரியாமல் போய்விடும்.

அம்மாவிடம் இன்னொன்று கேளுங்கள். அதில் தண்ணீர் குடித்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள். எண்பத்தொரு வயது என்கிறீர்கள், சீக்கிரம் கேளுங்கள். தண்ணீர் ஊற்றினவருக்குப் பெயர் நினைவிருக்கும். அந்த அம்மாவை நான் தப்பாக நினைக்கவில்லை என்றும் சொல்லுங்கள். அவர் காலையிலேயே ஊற்றி வைத்தார் என்பதை அம்மிச்சியிடம் சொன்னால், நிற்காமல் குடித்திருக்கிறார்களே என்றுதான் முதலில் சொல்வார்.

கொறங்காடு (காங்கேயம்)
சனி, இரவு 8.45

அம்மா மூன்று பெயர்கள் சொன்னார். இங்கே எழுதவில்லை, வேதாகமத்தின் முதல் பக்கத்தில், அப்பாரு எங்கள் குடும்பப் பிறப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே எழுதிக்கொண்டேன். இருவர் இறந்துவிட்டார்கள். ஒரு பாட்டி மகள் வீட்டில் இருக்கிறாராம், மூலனூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நாளை ஆராதனை முடிந்ததும் போகலாம் என்று இருக்கிறேன். அம்மா தானும் வருவதாகச் சொல்கிறார். போய் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஊருக்கு எனக்கு வழி தெரியாது. ஆள் கூட்டிவரப் போய் வந்ததில் அண்ணனுக்குத்தான் தெரியும். இன்று சாயங்காலம் மோட்டார் அறை வாசலில் நின்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். தொட்டியைக் காட்டிச் சொன்னேன். குனிந்து அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு வழி சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "சொன்னால் உனக்குப் பிடிபடாது, வண்டியை நானே எடுக்கிறேன்" என்றார்.